கதிரைக்காக நின்றவர்

போன கிழமை ஒரு மழைநாள் பின்னேரம் எங்கள் வீட்டு வாசல் மணி அடித்தது. மணி அடித்தால் எனக்கு முதலில் நெஞ்சு அடிக்கும். ரொறொன்ரோவின் ரூஜ் பக்கம் வீடு வாங்கி வந்து இவ்வளவு காலமாகியும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. பொலிசாக இருக்குமோ, ஒஷாவாவுக்கு வேலைக்குப் போன மகளுக்கு ஏதும் ஆகிவிட்டதோ, நான் அடுப்பை அணைக்க மறந்து பக்கத்து வீட்டுக்குப் புகை போய்விட்டதோ என்று எல்லாக் கவலையையும் வரிசையாகப் பட்டு முடித்த பிறகுதான் கதவைத் திறப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் திறந்தேன். கம்பளிக் கோட்டு நனைந்து சொட்டச் சொட்ட ஒரு தமிழ்ப் பிள்ளை, கையில் துண்டுப் பிரசுரக் கட்டோடு நின்றாள்.

“அன்ரி, ஐ ஆம் ரன்னிங் இன் திஸ் ஏரியா. உங்கட வோட் எனக்கு வேணும்.”

“ஏன் பிள்ளை ஓடுறீர்? ஆரும் துரத்துகினமோ?”

என்னுடைய படிப்பு ஒன்பதாம் வகுப்பில், ஊரோடு இடம்பெயர்ந்த ஒரு நாளில் முடிந்துபோனது. இங்கிலிஷ் எல்லாம் பிறகு கடைகண்ணியில் பொறுக்கியதுதான். ஆனால் இந்தப் பகிடியை நான் தெரிந்துதான் விட்டேன். அவளுக்கு அது விளங்கவில்லை. பாவம், அன்ரிக்கு இங்கிலிஷ் தெரியாது என்று நினைத்து, “எலெக்சன், அன்ரி, எலெக்சன்” என்று இரக்கத்தோடு விளக்கினாள்.

“அப்ப நிக்கிறன் எண்டு சொல்லும். ஓடுற ஆளுக்கு எப்பிடி வோட் போடுறது?”

பிறகுதான் சிரித்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். முழுத் தெருவும் பாக்கி இருக்கிறது என்று ஓடியேவிட்டாள். அவள் போன பிறகும் வாசலில் நனைந்த கம்பளி மணம் போகவில்லை. அதோடு கொஞ்சம் மீன் வாசமும் கலந்திருந்தால், எம்பி ஐயா வந்துவிட்டுப் போகிறார் என்றே நினைத்திருப்பேன்.

அந்த ஓடுகிற பகிடியும் அவருடையதுதான். “கனடாவில் தேர்தலுக்கு ஓடுகிறார்கள். எங்கள் நாட்டில் நாங்கள் நின்றோம்” என்பார். தமிழிலும் நிற்பதுதான் என்று நாங்கள் சொன்ன அன்று, மீன் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். அவர் ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். நீங்கள் நம்பமாட்டீர்கள். நாங்கள் நம்பினோம், ஆனால் பிழையாக நம்பினோம். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

தலைகீழாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். முதலில் கடையைச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் காஷில் நின்றேன். காசு வாங்கிப் போடுகிற வேலைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயரே அதுதான். “மகள் எங்க நிக்கிறா?” “சிவம் அண்ணையின்ர கடையில நிக்கிறா.” வேலை செய்கிறாள் என்று ஒருவரும் சொல்வதில்லை. சொல்லிலேயே நிற்கிறது இருந்தபடியால், ஒரு கதிரையில் இருந்துகொண்டும் அந்த வேலையைச் செய்யலாம் என்ற எண்ணம் ஒருவருக்கும் வந்ததில்லை.

முதலாளி சிவம் அண்ணை நல்ல மனிதர். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசாதவர். காலையில் கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை தானும் நின்றுகொண்டே இருப்பார். மத்தியானம் பின்னறையில் சாப்பிட மட்டும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை வைத்திருந்தார். முழுக் கடைக்கும் அந்த ஒரு கதிரைதான். “சனம் வரேக்க நாங்கள் இருந்தால் மரியாதை இல்லை” என்பது அவருடைய கொள்கை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அப்பா வந்தால் எழும்பி, வாத்தியார் வந்தால் எழும்பி வளர்ந்த கால்கள் அல்லவா.

அந்தக் கால்கள்தான் சோதித்தன. மகள் வயிற்றில் இருந்தாள். பின்னேரமானால் இரண்டு பாதமும் பேக்கரிப் பணிஸ் மாதிரி ஊதிவிடும். என்னுடைய சப்பாத்து ஒன்றும் கொள்ளாமல் வீட்டுக்காரர், இவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். டொக்டர் காலை விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, ஒன்றில் இருந்து வேலை செய், இல்லாவிட்டால் வேலையை விடு என்று சொல்லிவிட்டார். இவருக்கு அப்போது ஒரு கிழமை வேலை இருக்கும், அடுத்த கிழமை இராது. என் வேலை போனால் வாடகை இல்லை. கதிரை கேட்டால் அண்ணை என்ன நினைப்பாரோ, வேறு ஆளைப் பார்த்துவிடுவாரோ என்று பயம். கேட்காவிட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அதைவிடப் பயம். பஸ்ஸில் வரும்போது “அண்ணை, எனக்கொரு கதிரை வேணும்” என்று மனப்பாடம் செய்வேன். கடைக்குள் வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் “அண்ணை, கருவேப்பிலை முடிஞ்சுது” என்று வாயில் வரும். அந்த மாதம் கடையில் கருவேப்பிலைக்குக் குறைவே இருக்கவில்லை.

மீன் வெட்டுகிற பக்கம் மெற்றில்டா அக்கா நின்றார். மன்னாரில் சிஸ்ரர்மாரின் பள்ளியில் படித்தவர், எங்கள் கடையின் இங்கிலிஷ் முழுவதும் அவரிடம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் சைவக்காரர் மீன் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அக்கா கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கதைக்க ஆள் தேடுவார். அந்த வெறும் வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்க வந்த ஒரே வெள்ளைக்காரர் எம்பி ஐயா. சின்ன வயதிலிருந்தே வெள்ளிக்கிழமையில் மீன் சாப்பிட்டுப் பழகியவராம். எப்போதும் அதே கம்பளிக் கோட்டு, வளைந்த மூக்கு, நடுச்சந்தியில் நின்று பேசினாலும் கேட்கக்கூடிய குரல். மனைவி இறந்த பிறகு மகளோடு இருக்க ரொறொன்ரோவுக்கு வந்தவர். பின்னேரம் முழுவதும் கதைக்க ஆளில்லாமல் அலைந்தவர் அக்காவிடம் வந்து மாட்டினார். அல்லது அக்கா அவரிடம் மாட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா அவரிடம், முந்தி என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். பாராளுமன்ற உறுப்பினராக இருந்தேன் என்றார். தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்த சிவம் அண்ணையின் காதில் ‘பாராளுமன்றம்’ மட்டும் விழுந்தது. ‘இருந்தேன்’ விழவில்லை.

எங்கள் ஊரில் எம்பி என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். வேலை கிடைக்க அவர், இடமாற்றத்துக்கு அவர், டெலிபோன் எடுக்க அவர். எம்பி ஒருவர் கடைவாசலில் இறங்கினால் தேர் வந்து நின்ற மாதிரி. அண்ணை தேங்காயை விட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு பெட்டி மாம்பழத்தை அவர் கையில் திணித்தார். அடுத்த வெள்ளி முறுக்கு, அதற்கடுத்த வெள்ளி நல்லெண்ணெய்ப் போத்தல். அண்ணையின் தாயாருக்கு விசிற் விசா மறுத்திருந்தார்கள். அதை ‘எங்கட எம்பி’யிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரோ, தமிழர்கள் மீன் வாங்கினால் மாம்பழமும் கொடுக்கிற வழக்கம் உள்ளவர்கள் என்று மகளிடம் புகழ்ந்து திரிந்திருக்கிறார்.

நல்ல நேரம் ஒருநாள் வந்தது. கடையில் நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு விசாக் கதையைத் தொடங்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சங்கடத்தோடு தலையை ஆட்டினார். நான் இங்கத்தைய எம்பி இல்லை, இங்கிலாந்தில் இருந்தவன், அதுவும் முடிந்து கன காலம் என்றார். கடைசியாக, “ஐ லொஸ்ட் மை சீற்” என்றார்.

“என்னவாம், அக்கா?” என்று அண்ணை கேட்டார்.

தேர்தலில் தோற்றுப்போனேன் என்பதுதான் அர்த்தம் என்று மெற்றில்டா அக்காவுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவருக்குக் குரங்குப் புத்தி. “அவற்ர சீற் துலைஞ்சு போச்சாம்” என்று அப்படியே சொன்னார்.

அண்ணை ஒரு நொடி யோசித்தார். வயது போன மனிதர், பஸ்ஸில் வந்தவர், இருக்க இடம் கிடைக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. பின்னறைக்கு ஓடினார். தான் சாப்பிட இருக்கிற வெள்ளைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, கைத்துண்டால் துடைத்து, அவருக்கு முன்னால் வைத்தார். “பிளீஸ் சிற், சேர்!”

அக்கா மீன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எம்பி ஐயாவும் சிரித்தார். கண்ணீர் துடைத்துக்கொண்டு கதிரையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். கீழே இவருடைய செருப்புக்குள் பிதுங்கிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இந்தப் பெண் ஏன் நிற்கிறாள்?”

வேலை போச்சு என்று நினைத்தேன்.

“ஷீ லைக்ஸ் ஸ்ராண்டிங், சேர்” என்றார் சிவம் அண்ணை.

கடையே சிரித்தது. “ஓமோம், அவளுக்கு நிக்கிறதெண்டால் உயிர்” என்றார் அக்கா. “கலியாணத்துக்குச் சீதனமாய் ஒரு லைற் போஸ்ற் குடுத்தவையாம்.” சிவம் அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். வெள்ளைக்காரர் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் வைத்தார். நான் அண்ணையைப் பார்த்தேன்.

“இரும் பிள்ளை, இரும். கேட்டிருந்தால் நான் தந்திருப்பன்தானே?” என்றார் அண்ணை.

கேட்டிருந்தால்! நான் அவ்வளவு கருவேப்பிலையையும் நினைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அந்த இருக்கையின் சுகத்தை நான் எழுத்தில் சொல்ல முடியாது. நின்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அவருடைய கதை துண்டு துண்டாக வந்தது. அக்கா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே எனக்குத் தமிழாக்குவார். இங்கிலாந்தின் வடக்கே நெசவாலைகள் இருந்த ஒரு ஊர். தாய் ஒரு துணிக்கடையில் விற்கிறவர். இரவில் ஒரு தகர வாளியில் உப்புத்தண்ணீர் விட்டு அதற்குள் காலை வைத்துக்கொண்டுதான் இவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாராம். இவர் பஸ் கொண்டக்ரராக நின்று, தொழிற்சங்கத்தில் நின்று, பிறகு தேர்தலில் நின்று வென்றார். சிறையில் இருப்பவர்களுக்கு, குத்தகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு என்று எத்தனையோ சீர்திருத்தங்களுக்குக் குரல் கொடுத்தார். அவற்றில் சில நடந்தன. ஆனால் அவருடைய சொந்த மசோதா, தாயின் கால்களை நினைத்து எழுதியது, ஒன்றே ஒன்றுதான். கடைகளில் நின்று வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு கதிரை வைக்க வேண்டும், அதில் இருந்ததற்காக ஒருவரையும் ஏசக்கூடாது.

“அதைச் சட்டமாக்க ஒரு ஆயுள் வேணுமே?” என்று அக்கா கேட்டார்.

அரசாங்கம் கொண்டுவராத, தனி உறுப்பினரின் மசோதாவை வெள்ளிக்கிழமைகளில்தான் எடுப்பார்களாம். பிடிக்காதவர்கள் எழும்பி நேரம் முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தால் போதும், மசோதா செத்துவிடும். ஒரு தடவை ஒருவர் கதிரைகளின் வரலாற்றையே பேசி அன்றைய நாளை முடித்துவிட்டாராம். எங்களுக்கு வெள்ளி விசேஷம், அவருக்கு வெள்ளிதான் கண்டம். கட்சியில் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்த ‘விப்’ என்று ஒருவர் இருந்து, இதை விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். விப் என்றால் சவுக்கு என்று அக்கா சொன்னார். “அடிப்பாங்களோ அக்கா?” என்று கேட்டேன். அதை அவருக்கு மொழிபெயர்த்தபோது, “அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்” என்றார். கடைசியில் அவருடைய ஊர்க் கடைக்காரர்களே, கதிரைக்குச் செலவழிக்க வைக்கப் பார்க்கிறான் என்று கோபித்து அவரைத் தோற்கடித்துவிட்டார்கள். கதிரை கேட்டு நின்றவருக்குக் கதிரை போனது.

இதையெல்லாம் அவர் சோகமாகச் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். எதிரிகளின் குரலில் பேசிக் காட்டுவார். அரிசி மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு, “மேன்மைதங்கிய உறுப்பினர் அவர்களே” என்று சிவம் அண்ணையைப் பார்த்துத் தொடங்குவார். சாமான் வாங்க வந்த சனம் நின்று கேட்கும்.

ஆனால் எனக்கு ஒரு புதுச் சோதனை வந்திருந்தது. கதிரை கிடைத்துவிட்டது, இருக்கத்தான் முடியவில்லை.

நான் இருப்பேன். கதவு திறக்கும். எங்கள் ஊர் மாஸ்ரர் வருவார், என் அப்பாவோடு படித்தவர். கால் தானாக எழும்பிவிடும். அவர் உள்ளே போனதும் இருப்பேன். அடுத்ததாக ஒரு வயதான அம்மா வருவா. யாரென்று தெரியாது, ஆனால் நெற்றியில் விபூதி. எழும்புவேன். மாஸ்ரர் காசு கட்ட வருவார். எழும்புவேன். ஸ்காபரோவில் இருந்த வயதானவர்கள் எல்லோருக்கும் எங்கள் கடைதான் சந்தை, சங்கக்கடை எல்லாம். முந்தி நின்றபடி நின்றவள், இப்போது நாள் முழுக்க எழும்பி எழும்பி இருந்தேன். கால் முன்னையைவிட ஊதியது. டொக்டர் முகத்தைச் சுளித்தார். அடுத்த முறையும் இப்படியென்றால் வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் தருவேன் என்றார்.

“என்னடி, கடைக்குள்ள பூசை வைக்கிறியே?” என்றார் மெற்றில்டா அக்கா. “எழும்பிறதும் இருக்கிறதும் வேதக்காரர் எங்கட வேலை. நாங்கள் கோயில்ல ஒரு மணித்தியாலத்தில முடிச்சுப்போடுவம். நீ விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபடுமட்டும் செய்யிறாய்.”

சிவம் அண்ணைக்கு உள்ளுக்குள் சந்தோசம். “பாத்தியளோ சேர், நான் கதிரை குடுத்திட்டன். உவதான் இருக்கிறா இல்லை.”

அன்று எம்பி ஐயா மீனை மறந்து அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். நான் எழும்பும்போதெல்லாம், அது யார் என்று அக்காவிடம் கேட்டார். தெரிந்தவர், தெரிந்தவரின் அண்ணன், தெரியாதவர் ஆனால் நரைத்தவர் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. பாராளுமன்றத்திலும் இப்படித்தானாம். பேச விரும்புகிற உறுப்பினர்கள் ஒவ்வொரு பேச்சும் முடிய, சபாநாயகரின் கண்ணில் பட எழும்ப வேண்டும், படாவிட்டால் திரும்ப இருக்க வேண்டும். “என் அரைவாசி வாழ்க்கையை இப்படி எழும்பி இருந்து கழித்தேன். இந்தப் பெண்ணுக்கு என்னைவிட நல்ல பயிற்சி” என்றார்.

பிறகு மெதுவாக, “என் மசோதாவில் இதற்கு ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவேயில்லை” என்றார். தடுக்கிற முதலாளியைப் பற்றி எழுதியிருந்தார். ஒருவரும் தடுக்காமலே எழும்புகிறவளைப் பற்றி எழுதவில்லை.

அடுத்த வெள்ளி பனி கொட்டியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரவேண்டிய இடத்தில் பஸ்ஸையே காணோம். இந்த வயதில் இவர் விழுந்து கிழுந்து தொலைத்தால் என்ன செய்வது என்று நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். நனைந்த கம்பளியோடு, தோளில் மகளின் குசினியில் இருந்து எடுத்த ஒரு உயரமான ஸ்ரூலையும் சுமந்துகொண்டு வந்தார். பார்களில் வைத்திருப்பார்களே, நீட்டுக் கால், முதுகுக்குச் சின்னச் சாய்மானம், கால் வைக்க ஒரு கம்பி. பஸ்ஸில் நாலு பேர் அதில் இருக்கக் கேட்டார்களாம்.

மேசைக்குப் பின்னால் வைத்து என்னை ஏறி இருக்கச் சொன்னார். ஏறினேன். பிறகு எல்லோரையும் வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து பார்க்கச் சொன்னார்.

“ஐயோ,” என்றார் அக்கா. “இருந்துகொண்டு நிக்கிறாள்!”

உண்மைதான். மேசைக்கு மேலே தெரிந்தது, நான் நிற்கும்போது தெரிகிற அதே உயரம். வருகிறவருக்கு நான் நிற்கிறேன். எனக்கு நான் இருக்கிறேன். எழும்பத் தேவையில்லை, ஏற்கெனவே எழும்பிய மாதிரித்தானே.

“இதுதான் திருத்தம்” என்றார் அவர். பிறகு தொண்டையைச் செருமி, பாராளுமன்றக் குரலில் கடை முழுவதையும் பார்த்து, இந்த மசோதாவை ஆதரிப்பவர்கள் ‘ஐ’ என்று சொல்லுங்கள் என்றார். சனம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது.

“ஓம் எண்டு சொல்லுங்கோவன் சனமே!” என்று அக்கா கத்தினார்.

“ஓம்!” என்றது கடை. முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மா, போன் காட் வாங்க வந்த பெடியள், எல்லோரும். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டார். எல்லோரும் சிவம் அண்ணையைப் பார்த்தார்கள். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு என் காலைப் பார்த்தார். “நானும் ஓம்தான்” என்றார்.

எம்பி ஐயா கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். பனி கரைந்ததோ என்னவோ. “ஒரு வெள்ளிக்கிழமையில், என் வாழ்நாளில் முதல் தடவை” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மாம்பழம், முறுக்கு, நல்லெண்ணெய் எல்லாம் ஒரே பையில் போனது. இந்த முறை அண்ணைக்கு விசா ஒன்றும் தேவைப்படவில்லை.

ஸ்ரூல் வந்த சில நாளில் ஊர் மாஸ்ரர் சாமானுக்குக் காசு கட்ட வந்தார். நான் அசையாமல் இருந்தேன். மரியாதைக் குறைவைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயத்தில் மிச்சத்தை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தேன். மாஸ்ரர் மிச்சக் காசை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் பிள்ளை, நான் வரேக்க எல்லாம் நீ நிண்டுகொண்டே இருக்கிறாய்? பிள்ளைத்தாச்சி அல்லோ. உந்தச் சிவத்திட்டக் கேட்டு ஒரு கதிரை எடுத்து இரன்.”

மீன் பக்கத்தில் தொட்டிக்குள் கத்தி விழுந்த சத்தம் கேட்டது. அக்கா குனிந்து நெடுநேரம் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

மகள் பிறக்கும்வரை அந்த ஸ்ரூலில் இருந்தேன். வேலை போகவில்லை. டொக்டர் கடிதம் எழுதவுமில்லை. பிள்ளை பிறந்த பிறகும் பல வருடம் அதே காஷில்தான் வேலை, ஆனால் அதன் பிறகு நான் காஷில் ‘இருந்தேன்’. சொல்லிப் பழக நாள் எடுத்தது.

கடை இருந்த பிளாஸா இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று வானத்துக்கு நிற்கிறது. சிவம் அண்ணை கடையை மூடிய நாளில் ஒரு நிமிடம் அந்த ஸ்ரூலில் ஏறி இருந்து பார்த்தார், “நல்லாய்த்தான் இருக்குது” என்றார். மெற்றில்டா அக்கா மகனோடு விட்பியில் இருக்கிறார், போனில் இன்னும் பகிடி விடுகிறார். எம்பி ஐயா இறந்து கன காலம். அவருடைய ஊரில் அவருக்குச் சிலை கிலை வைத்தார்களா என்று தெரியாது. வைத்தால் இருக்கிற மாதிரி வைக்க வேண்டும்.

போன மாதம் ஒரு கலியாணத்துக்குப் போனோம். பெரிய ஹோல். மகள் என்னை முன்வரிசையில் கொண்டுபோய் இருத்தினாள். மெத்தை வைத்த கதிரை, காலை நீட்ட நல்ல இடம். பின்னுக்குக் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் என்னைவிட இளையவர்கள். மாஸ்ரர் இல்லை. விபூதி பூசிய அம்மாமார் இல்லை. என்னை எழுப்பக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய் முடிந்துவிட்டார்கள். இனி நாள் முழுக்க இருக்கலாம், கால் ஊதாது. ஆனாலும் இன்னொரு முறை கதவு திறந்தபோது, யாரென்று பார்க்காமலே எழும்பி நின்றேன்.

“அம்மா, வெயார் ஆர் யூ கோயிங்?” என்றாள் மகள்.

“ஒரு இடமும் இல்லையம்மா. இந்தா, இருக்கிறன்.”